மலையில் ஆட்டிய வெளிச்சம்

எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. வகுப்பில் பிள்ளைகள் பரீட்சை எழுதும்போது மேசைக்கும் யன்னலுக்கும் இடையில் நடந்துகொண்டே இருப்பேன். அதற்காகப் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயரும் உண்டு. அதை இங்கே எழுதமாட்டேன். அப்படிப்பட்ட என்னை, மலை உச்சியில் ஓர் இரவு சும்மா இருந்துவிட்டு வருவோம் என்று கூட்டிக்கொண்டு போனவர் என் கணவர். அது எனக்கு மருந்து என்பது அவருடைய எண்ணம். அவருக்கு எங்கே படுத்தாலும் நித்திரை வரும், அதனால் மற்றவர்களுக்கும் அப்படித்தான் என்று நினைக்கிற மனிதர்.

திருகோணமலைத் துறைமுகத்துக்கு மேற்கே, காட்டோடு ஒட்டின ஒரு மலையில் அந்தப் பழைய காவல் குடில் நிற்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் கடலில் வருகிற கப்பல்களைப் பார்க்கக் கட்டினதாம். பிறகு காட்டுத் தீயைக் கவனிக்கிறவர்களின் கைக்குப் போனது. எங்கள் யுத்தத்தில் ஆமி இருந்தது. பலகைச் சுவரில் சிப்பாய்மார் கீறிவிட்ட பெயர்கள் இன்னும் இருக்கின்றன. இப்போது கோடை காலத்தில் மறுபடி அங்கே ஒரு காவல்காரர் இருந்து தீ பார்க்கிறார். முன்கூட்டியே வன இலாகாக் கந்தோரில் சொல்லி வைத்தால் எங்களைப் போன்றவர்களும் ஓர் இரவு தங்கலாம். கருங்கல் அத்திவாரம், அதன் மேல் ஒரே ஓர் அறை, நாலு பக்கமும் யன்னல், ஓர் இரும்புக் கட்டில், இரண்டு கதிரை. அவ்வளவுதான் வீடு.

நான் போகச் சம்மதித்ததற்குக் காரணம் மருந்தும் இல்லை, காற்றும் இல்லை. அந்த மலையின் மேற்குப் பக்கத்து அடிவாரத்தில்தான் அம்மாவின் ஊர். அப்பா கட்டின வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். எழுபதைத் தாண்டியாயிற்று. போன மாதம் கிணற்றடியில் வழுக்கி விழுந்து முழங்கால் வீங்கிவிட்டது. அதை எனக்குச் சொல்லவும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் வாய் தவறிச் சொல்லப்போய்த்தான் தெரியவந்தது.

கனடாவில் இருக்கிற தம்பிக்கு அதைச் சொன்ன நாளிலிருந்து ஒவ்வொரு அழைப்பிலும் அதே கதைதான். அம்மா தனிய, அம்மா தனிய. வீட்டைப் பூட்டிவிட்டு அவவை உன்னோடு கொண்டுபோய் வை என்றான். நான் நகரத்தில் எங்கள் வீட்டின் மேல்மாடி அறையைக் கழுவி, திரைச்சீலை போட்டு, கட்டிலும் வாங்கிப் போட்டுவிட்டேன். அம்மாவோ ஒரே சொல்லில் ஏலாது என்றார். ஞாயிற்றுக்கிழமை விடியப் போன் எடுப்பேன், ஓமா இல்லையா என்று முடிவாகச் சொல் என்று தம்பி கெடு வைத்திருந்தான். நாங்கள் மலையேறினது சனிக்கிழமை. என் மனதில் 'ஓம்'தான் இருந்தது. அம்மாவைத் தூக்கிக்கொண்டாவது வருவது என்று முடிவு கட்டியிருந்தேன். அப்படியிருந்தும் நெஞ்சு ஆறவில்லை.

புறப்பட முதல் அம்மாவுக்குப் போன் எடுத்தேன். இருட்டினதும் குடிலின் யன்னலில் டோர்ச் பிடிப்பேன், நீங்கள் கண்டால் விறாந்தை லைட்டை ஒருதரம் நூர்த்து, திரும்பப் போடுங்கோ என்றேன். எனக்கு வேறு வேலையில்லையோ என்று கேட்டார். பிறகு, சரி, ஆனால் சும்மா பிடித்துக்கொண்டு மட்டும் நில் என்றார். அம்மா எதைச் சொன்னாலும் அதற்குப் பின்னால் ஒரு கட்டளை வரும். அதில் இதுவும் ஒன்று என்று நினைத்துப் போனை வைத்துவிட்டேன்.

காவல்காரர் கிண்ணியாவைச் சேர்ந்தவர். எங்களைக் கண்டதும் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துத் தந்தார். பிறகு அந்த இடத்தின் முறைகளையெல்லாம் வரிசையாகச் சொல்லத் தொடங்கினார். வெளியே அடுப்பு மூட்டக் கூடாது, சிகரெட் கூடாது, யானை எந்தப் பக்கத்தால் வரும், இன்னும் என்னென்னவோ. கணவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் காவல்காரருடைய தூரக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு மேற்கு யன்னலுக்குப் போய்விட்டேன். வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிச் செய்தால் நான் விடுவேனா? எழுப்பி நிற்கவைத்திருப்பேன்.

கிழக்கே துறைமுகம் முழுக்கத் தெரிந்தது. கப்பல்கள், எண்ணெய்த் தாங்கிகள், அதற்கும் அப்பால் மூதூர்க் கரை. கணவர் அதைப் பார்த்துப் பார்த்து மாய்ந்துபோனார். நான் திரும்பியும் பார்க்கவில்லை. மேற்கே அம்மாவின் ஓட்டுக்கூரை, கோவில், கிணற்றடி வாழை எல்லாம் தெரிந்தன. றோட்டால் சுற்றிப் போனால் பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் எடுக்கும் ஊர், கண்ணுக்குக் கைக்கெட்டுகிற தூரத்தில் கிடந்தது. அம்மா முற்றத்தில் தென்படவில்லை. குசினியில் நிற்பார் என்று நினைத்தேன். பிறகு, ஏன் இவ்வளவு நேரம் குசினியில் என்று நினைத்தேன். மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று யன்னல் கதவுகளைப் பிடித்து உலுப்பிக்கொண்டிருந்தது. ஒரு கதவை நான் கொளுவ, மற்றது கழன்றது.

இருட்டத் தொடங்கியதும் காவல்காரர், கொஞ்சம் கீழேயிருக்கிற தண்ணீர்த் தொட்டியடிக்குத் தொழப் போனார். கணவர் கட்டிலில் சாய்ந்தார். சாய்ந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நான் யன்னலில் டோர்ச்சைப் பிடித்தேன். கீழே அம்மாவின் விறாந்தை லைட் மஞ்சளாகத் தெரிந்தது. நூர்ந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். ஆனால் நூர்ந்தது அது மட்டுமில்லை. கோவில் லைட், றோட்டு லைட், ஊரே இருட்டு. கரண்ட் போய்விட்டது.

போன் எடுத்தேன். தொடர்பு இல்லை. கரண்ட் போனால் அந்தப் பக்கத்துப் போன் கோபுரமும் படுத்துவிடும், அது வழக்கம். ஆனால் எனக்கு அந்த வழக்கமெல்லாம் அப்போது நினைவில் இல்லை. வீங்கின முழங்காலோடு இருட்டில் நெருப்புப்பெட்டி தேடித் தடவுகிற அம்மாவைத்தான் கண்டேன். கிணற்றடிக்குப் போகாதேயுங்கோ என்று அந்த உயரத்தில் நின்று வாய்விட்டுச் சொன்னேன். பிறகு வெளியே ஓடி, பாறையில் ஏறி நின்று, அம்மாவுக்குத் தெரியட்டும் என்று டோர்ச்சை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் கீழே கோவில் மணி அடித்தது. பூசை நேரம் முடிந்துவிட்டது, எதற்கு மணி? அடித்தவர் நிறுத்தவும் இல்லை. பிறகு தகரம் தட்டுகிற சத்தம் கேட்டது. எங்கள் பக்கத்தில் இருட்டில் தகரம் தட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். யானை. ஊருக்குள் யானை வந்துவிட்டது, அம்மாவின் வாழைக்குத்தான் வந்திருக்கிறது, கரண்ட் கம்பத்தைச் சாய்த்ததும் அதுதான். எல்லாம் எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. கீழே டோர்ச் வெளிச்சங்கள் ஒன்று, இரண்டு, பிறகு கும்பலாக ஓடின. அம்மாவைத் தேடுகிறார்கள் என்று நினைத்து அழுகை வந்துவிட்டது. நான் இங்கே நிற்கிறேன் என்று காட்ட, இன்னும் பலமாக ஆட்டினேன்.

சத்தம் கேட்டுக் கணவர் சாரத்தை இறுக்கிக் கட்டியபடி வெளியே வந்தார். என் கையைப் பார்த்தார், கீழே பார்த்தார். அவர் முகம் மாறினதை அந்த இருட்டிலும் கண்டேன்.

"என்ன வேலை பாக்கிறீர்? ஆட்டக் கூடாது எண்டெல்லோ அந்த மனிசன் சொன்னவர். ஆட்டினால் மலையில நெருப்பு எண்டு அர்த்தம்."

அப்போதுதான் எனக்கு முறை சொல்லப்பட்டது, இரண்டாம் தரமாக. உச்சியில் வெளிச்சம் அசையாமல் நின்றால் காவல்காரர் விழித்திருக்கிறார், பயமில்லை. ஆட்டினால் நெருப்பு. போன் வேலை செய்யாத நேரத்துக்காக அடிவாரத்து ஊர்க்காரர் பழைய நாளிலிருந்தே வைத்திருக்கிற ஏற்பாடு. கண்டவர் மணியை அடிப்பார், ஏறக்கூடியவர்கள் பச்சைக் கொப்பும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு ஏறுவார்கள். வழியில் யானைக்காகத் தகரம் தட்டிக்கொண்டு வருவார்கள். காவல்காரர் தொழுகை முடிந்து படியேறி ஓடி வந்தார். வெளிச்சத்தை அசையாமல் பிடித்தபடி, ஒன்றுமில்லை, நெருப்பில்லை என்று பாதையை நோக்கிக் கத்தினார். காற்று அவருடைய குரலைத் துறைமுகப் பக்கம் கொண்டுபோனது.

ஆட்கள் வந்து சேரும்வரை நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. யானைப் பாதையால், இருட்டில், என்னுடைய விசர்த்தனத்துக்காக ஒரு ஊர் ஏறி வருகிறது. ஒருவருக்கு ஏதும் நடந்தால் நான் எந்த முகத்தோடு அந்த ஊருக்குப் போவேன்? குடிலை எத்தனை முறை சுற்றி வந்தேனோ தெரியாது. கணவர் வேறு, போய் இரும் என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். இருந்தால்தானே.

முதலில் இளந்தாரிகள் வந்தார்கள், மேல்மூச்சுக் கீழ்மூச்சு வாங்க, கையில் கொப்புகளோடு. பிறகு வயதானவர்கள், தண்ணீர்க் கான் சுமந்த பெண்கள். ஒவ்வொருவரும் எங்கே நெருப்பு என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் நான் விளக்கம் சொன்னேன். கடைசிக்கு முந்தின ஆளாக, பக்கத்து வீட்டுப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு, முழங்காலில் துணி சுற்றி, மற்றக் கையில் ஒரு வேப்பங்கொப்போடு அம்மா வந்தார்.

அவர் நெருப்பைக் கேட்கவில்லை. வந்த வேகத்தில் என் கை, முகம், தலைமயிர் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். ஒன்றும் எரியவில்லை என்று கண்டதும் அந்த வேப்பங்கொப்பாலேயே என் தோளில் ஒன்று போட்டார். பலத்த அடிதான். ஐம்பது வயதில், கணவர் பார்த்திருக்க, ஊர் பார்த்திருக்க அடி வாங்கினேன். யாரோ சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரை மறுபடி ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும் என்றார் ஒருவர். கொண்டுவந்த தண்ணீரைக் குடித்து, துறைமுக வெளிச்சத்தை ஆசை தீரப் பார்த்துவிட்டு, தகரத்தைத் தட்டிக்கொண்டு இறங்கிப் போனார்கள். ஒருவரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

அம்மாவுக்கு இறங்க ஏலாது. முழங்கால் மறுபடி வீங்கிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண், விடிய வந்து கூட்டிப் போகிறேன் என்று என்னைக் கேட்காமலே அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். நான் எண்ணெய் தேடினேன். காவல்காரர் தன்னுடைய போத்தலைத் தந்தார். முழங்காலைத் தேய்த்தபடி, விட்டால் இனி எப்போது என்று, மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டேன். பார்த்தீர்களா, இப்படி வீங்குகிறது, உங்களைத் தனிய விட்டுவிட்டு எனக்கு ஓர் இரவு நிம்மதியில்லை, மேல்மாடி அறை தயாராக இருக்கிறது, வாருங்கோ என்றேன். அம்மா காலை இழுத்துக்கொள்ளவில்லை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அந்த மேல்மாடியில நிண்டு நீ லைட் ஆட்டினால், பிள்ளை, ஆர் வருவினம்?"

அம்மா குத்திப் பேசவில்லை. உண்மையாகவே அறிய விரும்பினவர்போலக் கேட்டார். எங்கள் ஒழுங்கையை நினைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் உயர்ந்த மதில். முன்வீட்டாரை அவர்களுடைய காரின் ஹோர்ன் சத்தத்தால் தெரியும். பக்கத்து வீட்டில் போன வருடம் சாவு நடந்ததை நான் வாசலில் கட்டின வெள்ளைக் கொடியைக் கண்டுதான் அறிந்தேன். இன்னார் வருவார் என்று சொல்ல ஒரு பெயரும் இல்லை. அம்மா கட்டிலில் சரிந்து நித்திரையாகிவிட்டார். கணவர் ஏற்கனவே கீழே பாய் விரித்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் விடியும்வரை யன்னல் கதவுகளின் சத்தம்.

விடிய, சொன்னபடி பக்கத்து வீட்டுப் பெண் தன் புருஷனோடு வந்தாள். அவர்கள் நடுவில் அம்மா, ஒவ்வொரு கல்லாக, சில இடத்தில் குந்திக் குந்தி இறங்கினார். நானும் கூடப் போக வெளிக்கிட்டேன். வேண்டாம், நீ தூரக்கண்ணாடியால் பார், உனக்கு அதுதான் வேலை என்றார் அம்மா. பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் தம்பி எடுத்தான். ஓமா, இல்லையா என்று கேட்டான்.

இல்லை என்றேன். அம்மா வரமாட்டார், நானும் கேட்கமாட்டேன், ஒவ்வொரு சனியும் ஞாயிறும் நான் அங்கே போய் நிற்பேன் என்றேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. அம்மாவைத் தனிய விட்டுவிட்டு நீ மலையில் போய்ப் படுத்திருக்கிறாய், இரவில் அவவுக்கு ஏதும் நடந்தால் ஆர் வருவினம் என்று கத்தினான். நான் நேற்று நடந்ததை முழுக்கச் சொன்னேன், அடி வாங்கினதையும் சேர்த்து. அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"தம்பி," என்றேன், "அங்கை நீ லைட் ஆட்டினால் ஆர் வருவினம்?"

அவனுக்கு அங்கே இரவு. ஒரு குளிர்சாதனப் பெட்டி இரைகிற சத்தம் மட்டும் போனில் கேட்டது. தூரக்கண்ணாடியில் அம்மா படலையைத் திறந்து முற்றத்துக்குள் போவது தெரிந்தது. அதை அவனுக்குச் சொன்னேன். பிறகு, அம்மா முழங்காலுக்கு என்ன எண்ணெய் பூசுகிறா என்று கேட்டான்.