தங்கவேல் காரின் சத்தம்

1. வேலிக் கம்பி

தங்கவேலின் கார் என் பட்டறைக்குள் நுழைந்தபோது அதன் சைலன்சர் வேலிக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே கருகிய கயிறு ஒன்று. ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், கொச்சியில் ஒரு டாக்டரிடமிருந்து ஆசை ஆசையாக வாங்கி வந்த கார். பார்த்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"கயித்தப் போட்டுக் கட்டிருக்கியே, சைலன்சர் என்ன வாழத்தாரா?"

"கத்தாத மாப்ளே, ரோட்டுல போறவன் பூரா பாக்குறான். கயிறு ரெண்டு வளைவுலயே எரிஞ்சிருச்சு. அப்பறந்தான் கம்பி."

தங்கவேலும் நானும் ஒரே பள்ளிக்கூடம். அவன் போடிமெட்டுக்குக் கீழே ஏலத்தோட்டமும் வீடுமாக மலையில் இருந்தான். நான் போடியில் மூணாறு ரோட்டோரம் சைலன்சர் பட்டறை வைத்திருந்தேன். தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகள்தான் என் பிழைப்பு. இந்த வேலையில் பாதி வெல்டிங், மீதி காது. தெருமுனையில் ஜீப் திரும்பும்போதே யார் வண்டி என்று ஸ்டூலில் உட்கார்ந்தபடி சொல்லிவிடுவேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ஆறு சிலிண்டர் சத்தம் ஜீப் மாதிரி இடிக்காது. கிரைண்டரில் மாவு பதமானதும் சத்தம் வழவழவென்று மாறுமே, அப்படி இருக்கும். அந்தச் சத்தத்துக்காகவே அவன் அந்தக் காரை வாங்கியிருந்தான்.

கம்பெனி சைலன்சருக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார்கள். தங்கவேலுக்கு ஏது அவ்வளவு பொறுமை? கோயம்புத்தூர் போய் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றான். உள்ளே தடுப்பு குறைவு, புகை தாராளமாகப் போகும், சத்தமும் தாராளம். மாட்டிக் கொடுத்தேன். தேனி ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். இரண்டு பேருக்கும் வாயெல்லாம் பல்.

அங்கேதான் கோட்டை விட்டோம். தேனி ரோடு சமதளம். அவன் காரோ வாழ்நாள் முழுக்க மலையில் செகண்ட் கியரில் ஏறுகிற கார். அந்த ஏற்றத்தில் இன்ஜின் முக்கும்போது ஃப்ரீ ஃப்ளோ காருக்குள் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரத்தைக் கிளப்பிவிட்டது. அவன் மனைவி மீனாட்சிக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. மலையடிவாரத்து முந்தல் ஊரைத் தாண்டியதும் துண்டால் காதைச் சுற்றிக் கட்டியவர், வீடு போய்த்தான் அவிழ்த்தாராம்.

2. போனில் ஒரு டெஸ்ட்

அதைக் கழற்றிவிட்டு, உள்ளே அழுத்தமாக அடைத்த சைலன்சர் பெட்டி ஒன்றைப் போட்டேன். கார் பூனை மாதிரி போனது. தங்கவேல் முகம் தொங்கிவிட்டது, ஆனால் மனைவிக்காகப் பொறுத்துக்கொண்டான். அடுத்த வாரமே மீனாட்சி பட்டறைக்கு வந்துவிட்டார்.

"அண்ணே, இது வேணாம்ண்ணே. வண்டி வர்றதே தெரியல. திடீர்னு வாசல்ல வந்து நிக்கிறாரு."

"ஒனக்குத் தலவலின்னுதானே தாயி மாத்துனேன்?"

"உள்ள ஒக்காந்தாத்தான் தலவலி. வீட்டுல இருந்தா அந்தச் சத்தம் எனக்கு வேணும்ண்ணே. மஞ்சு எறங்கிருச்சுன்னா எதுக்க வர்ற ஆளு தெரியாது. கீழ் வளைவுல அவரு வண்டி கேட்டாத்தான் எனக்கு மூச்சே வரும்."

சைலன்சர் மாட்டுகிறவன், ஓட்டுகிறவனைக் கேட்பான். மிஞ்சினால் உள்ளே உட்காருகிறவரைக் கேட்பான். வீட்டில் இருந்தபடி காருக்குக் காது கொடுப்பவரை நான் அதுவரை நினைத்ததே இல்லை.

யோசித்து வேறு மாதிரி செய்தேன். புகையைச் சுத்தம் செய்கிற கன்வர்ட்டரில் கை வைக்கவில்லை. ரீங்காரத்தை விழுங்க, சீட்டுக்குக் கீழே நடுப் பைப்பில் ஒரு ரெசொனேட்டர் வைத்தேன். பின்பெட்டியில் மட்டும் அடைப்பைக் கொஞ்சம் தளர்த்தினேன். இந்த முறை தேனி ரோட்டுப் பக்கமே போகவில்லை. ஏலக்காய் மூட்டைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மலை ஏறினோம். உள்ளே நிம்மதியாகப் பேச முடிந்தது. கீழ் வளைவிலிருந்து மீனாட்சிக்குப் போன் போட்டேன்.

"கேக்குதா தாயி?"

"கேக்குதுண்ணே. இப்ப முடுக்குறாரு. அவருதான்!"

ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தான் தங்கவேல். "எம் பொண்டாட்டி பாஸ் போட்டுட்டா மாப்ளே!" அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் மனசு நிறைந்து போகிறது. அதற்கப்புறம் ஏலக்காய் ஏலத்துக்கு அவன் போடிக்கு வந்து திரும்பும்போதெல்லாம், என் பட்டறை வாசலில் ஒரு முறை முடுக்கிவிட்டுத்தான் மலைக்குப் போவான். மேலே அவன் சத்தம் கேட்டதும் மீனாட்சி அடுப்பில் காப்பிக்குப் பால் வைப்பார்.

3. கார்த்தி

தங்கவேல் மாரடைப்பில் போய்விட்டான். வண்டியில் இல்லை, மஞ்சில் இல்லை, தோட்டத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது. அவன் மகன் கார்த்தி சென்னை வேலையை விட்டுவிட்டுத் தோட்டத்தைப் பார்க்க வந்தான். காரும் அவன் கைக்கு வந்தது.

சில மாதம் கழித்து அம்மாவும் மகனும் பட்டறைக்கு வந்தார்கள். தெருமுனையில் சத்தம் கேட்டதும் எழுந்துவிட்டேன். தங்கவேல் இல்லை என்பது அடுத்த நொடிதான் உறைத்தது.

"சைலன்சர மாத்தணும்ண்ணே" என்றார் மீனாட்சி.

கார்த்தி முகம் சிவந்துவிட்டது. "மாமா, நீங்களாச்சும் சொல்லுங்க. அப்பான்னு மிச்சம் இருக்குறது இந்தச் சத்தம் ஒண்ணுதான். அதையும் அறுத்து எடுக்கணுமா?"

எனக்கும் அவன் பக்கம்தான் நியாயம் தெரிந்தது. என் கையால் செய்த சத்தம் வேறு. "இருந்துட்டுப் போகட்டுமே தாயி" என்றேன்.

மீனாட்சி காரின் மேல் கையை வைத்தபடி சொன்னார்.

"கீழ் வளைவுல கேட்டதும் அவருதான்னு பால வச்சுர்றேண்ணே. வாசலுக்கு ஓடுறேன். கதவத் தொறந்து எம்மகன் எறங்குறான். அவனப் பாத்து எம்மொகம் வாடிப்போகுது. அத அவன் பாக்குறான். பெத்த பிள்ள வீட்டுக்கு வர்றதப் பாத்து வாடலாமாண்ணே?"

கார்த்தி சாவியை என் மேஜைமேல் வைத்தான். "மாத்துங்க மாமா" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டே.

நானே குனிந்து அந்தப் பின்பெட்டியை அறுத்தேன். அழுதேன், வெல்டிங் கண்ணாடி போட்டிருந்ததால் தப்பித்தேன். வேறு அடைப்பு வைத்த பெட்டியைப் போட்டேன். சத்தம் இன்னும் கனமாக, அடங்கி வந்தது. மீனாட்சியை முதலில் ஜீப்பில் அனுப்பிவிட்டு, நானும் கார்த்தியும் பின்னால் மலை ஏறினோம். கீழ் வளைவில் போன் போட்டேன்.

"கேக்குதா தாயி?"

கார்த்தி ஒரு முறை முடுக்கினான்.

"கேக்குதுண்ணே" என்றார். "கார்த்தி வர்றான்."

பட்டறையை விட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். போனில் வீடியோ பார்த்துவிட்டு, எந்த சைலன்சர் போடலாம் என்று கேட்டு இன்னும் வருகிறார்கள் பையன்கள். உன் வண்டி ஓடுகிற ரோட்டில் வைத்துக் கேட்டுப் பார் என்பேன். அதற்கும் முன்னால் ஒன்று கேட்பேன்: "ஒனக்காக வீட்டுல காத குடுத்துக்கிட்டு இருக்குறது யாருய்யா?"