ஃபவுல் எழுதாத ஆட்டம்

ஆட்டம் தொடங்கச் சற்று நேரம் இருக்கும்போது அமைப்பாளர் எங்கள் மேசைக்கு வந்தார். என் முன்னால் விரித்திருந்த ஸ்கோர் தாளில் ஃபவுல் கட்டங்கள் இருக்கும் பகுதியை உள்ளங்கையால் மூடினார். "பாப்பா, இத்த இன்னிக்கி எழுதாத. அஞ்சு ஃபவுலு ஆயிடுச்சின்னு ஸ்டாருங்கள வெளிய ஒக்கார வெச்சிட்டா ஜனங்க யார பாக்கறது, ஒன்னயா?" என்றார். கடிகாரத்துக்குப் பொறுப்பாக என் பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அமைப்பாளர் கையை எடுத்தபோது தாள் வியர்வையில் நனைந்து கட்டங்களின் கோடுகள் கலங்கியிருந்தன.

கள்ளக்குறிச்சியில் கோடை விடுமுறையில் ஒரு பள்ளி மைதானத்தில் நடக்கும் கூடைப்பந்துப் போட்டிக்குத் தமிழகமெங்கிலுமிருந்து அரசுத் துறை அணிகளும் வங்கி அணிகளும் வரும். ஆடுவதையே வேலையாகக் கொண்டவர்கள். கடைசி நாள் மாலை அவர்களில் சிறந்தவர்களைப் பொறுக்கியெடுத்துச் சிவப்பு, வெள்ளை என்று இரண்டாகப் பிரித்து, முதலில் பெண்களுக்கும் பிறகு ஆண்களுக்கும் ஒரு நட்சத்திர ஆட்டம் வைப்பார்கள். அதற்குக் கோப்பை கிடையாது. எழுதாத விதி ஒன்று உண்டு. யாரும் யாரையும் தடுக்கக் கூடாது. பந்தோடு ஒருவர் வந்தால் கையை மேலே தூக்கிப் பாவனை காட்டிவிட்டு வழிவிட வேண்டும். பார்க்க வந்தவர்களுக்கு வேண்டியது வித்தை. அடுத்த வாரமே வேறு ஊரில் ஆட வேண்டியவர்களுக்கு வேண்டியது முழு உடம்பு.

எதையும் பட்டியலாக நினைவில் வைப்பது என் பழக்கம். மின்னணுவியல் படித்ததால் வந்ததா, அதற்கு முன்பே இருந்ததா தெரியவில்லை. நட்சத்திர ஆட்டங்களுக்கும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். தொப்பை விழுந்த ஒரு போலீஸ் அணிக்காரர் நடுக்கோட்டில் முதுகைக் காட்டி நின்று தலைக்குப் பின்னால் எறிந்த பந்து வளையத்தைத் தொடாமல் உள்ளே போனது அதில் உண்டு. அதற்குப் பிறகு அவர் பயந்துபோய், அன்று முழுக்க வேறு எதுவும் எறியவில்லை. வங்கி அணிப் பெண் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு ஃப்ரீ த்ரோ போட்டாள். கூட்டம் அப்படி அடங்கியிருந்ததால் பேருந்து நிலையத்தில் நடத்துநர் "உளுந்தூர்பேட்டை, உளுந்தூர்பேட்டை" என்று கூவுவது மைதானத்துக்கே கேட்டது. ஒரே ஓட்டத்தில் எதிரணிக்காரர் பலரின் கால்களுக்கிடையே பந்தைத் தட்டிக்கொண்டு போய், கடைசியாக நின்ற மூத்த ஆட்டக்காரரின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போன பையனும் உண்டு.

பட்டியலின் முதலிடத்தில் இவர்கள் யாரும் இல்லை. அங்கே இருப்பவர் அன்று ஏறக்குறைய எதுவும் போடாதவர். நாங்கள் அவரைக் கேப்டன் என்றே கூப்பிடுவோம்.

கேப்டனுக்குக் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் மேலே ஒரு சிற்றூர். பள்ளிப் பருவத்தில் விளையாட்டு விடுதிக்கு இறங்கி வந்தவர், அப்படியே சமவெளியில் தங்கிவிட்டார். நான் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டே மாவட்டப் பெண்கள் அணியில் ஆடிய காலத்தில் அவர்தான் அணித்தலைவர். அவ்வளவு உயரம் கிடையாது. பந்து எறிவதும் சுமார்தான். ஆனால் அவரைத் தாண்டி வளையத்துக்குக் கீழே போக யாராலும் முடியாது. என் முன்பல் ஒன்றின் முனை இல்லை; பயிற்சியில் அவருடைய முழங்கை எடுத்துக்கொண்டது. ஐஸ் கட்டியைக் கைக்குட்டையில் சுற்றி என் உதட்டில் அழுத்திக்கொண்டே அவர் சொன்னார், "வாய மூடினு ஆடுடீ. பல்லு இன்னாத்துக்கு வெளிய வந்து மேட்ச் பாக்குது?" மன்னிப்புக் கேட்கவில்லை. அன்று மாலை நான் தியாகதுருகம் பேருந்தில் ஏறும்வரை கூடவே நின்றார்.

அந்த ஆண்டு அவர் ஒரு துறை அணியில் ஒப்பந்தத்தில் ஆடிக்கொண்டிருந்தார். ஒப்பந்தம் என்றால் ஆடும்வரை சோறு. அணியில் நிரந்தர வேலையோடு ஒரே ஓர் இடம் காலியானது. போட்டியில் இருவர். ஒருவர் கேப்டன், அடுத்த ஆண்டு அவருக்கு வயது வரம்பு தாண்டிவிடும். மற்றவள் கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்த, மிக உயரமான, இளைய பெண். சட்டை எண் பதினைந்து. எல்லோரும் அவளை எண்ணைச் சொல்லியே கூப்பிட்டார்கள். அவளுடைய அம்மா எல்லா ஆட்டத்துக்கும் கூடவே வந்து, துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். துறையின் தேர்வு அதிகாரிக்குக் கடைசி நாள்தான் வர முடிந்தது. இருவரையும் நட்சத்திர ஆட்டத்தில் பார்த்து முடிவு செய்வதாகச் சொல்லிவிட்டார்.

அன்று மதியம் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் கடையில் நானும் கேப்டனும் பரோட்டா சாப்பிட்டோம். அவர் பிய்த்துப் போட்டாரே தவிரச் சாப்பிடவில்லை.

"ஸ்டார் மேட்ச்ல அந்தாளு இன்னாத்த பாப்பாரு சொல்லு. எல்லாரும் எல்லாருக்கும் வழி வுடுவாங்க. போடறதுன்னு வந்தா அந்தப் பொண்ணு என்ன வுட ஜாஸ்தி போடும். நான் தடுக்கற ஆளு. தடுக்கக் கூடாதுன்னு ஒரு மேட்ச்ச வெச்சி என்ன பாக்கறாங்களாம்."

"அப்ப இன்னா பண்ணப் போறீங்க?"

"தடுக்கப் போறன்."

"எல்லாரும் திட்டுவாங்கக்கா."

"திட்டட்டும். இது கெடைக்கலன்னா மேல போயி மரவள்ளி புடுங்கினு இருக்கணும். அங்க எவனும் கை தட்ட மாட்டான்."

கேப்டன் சிவப்பு, பதினைந்து வெள்ளை. அமைப்பாளர் என் தாளை மூடியதைக் கேப்டன் கோட்டருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது எவ்வளவு பெரிய பரிசு என்று மேசையிலிருந்த எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை. ஃபவுல் கணக்கு என்பது தண்டனை மட்டுமில்லை. ஆட்டத்துக்கு உள்ள ஒரே பிரேக் அதுதான். ஐந்தாவதில் வெளியே போக வேண்டும் என்ற பயம்தான் கைகளைப் பிடித்து வைக்கிறது.

பதினைந்து முதல்முறை வளையத்தை நோக்கி எழும்பினாள். வழக்கப்படி எல்லோரும் விலகினார்கள். கேப்டன் விலகாமல் பந்தை மேலிருந்து அறைந்தார். பந்து கேலரியில் போய் விழுந்தது. கூட்டம் சிரித்தது, விளையாட்டுக்குச் செய்கிறார் என்று நினைத்தார்கள். பதினைந்தும் சிரித்தாள். இரண்டாவது முறை பந்தோடு அவளுடைய மணிக்கட்டும் அறை வாங்கியது. மூன்றாவது முறை கேப்டனின் இடுப்பு மோதி அவள் கோட்டுக்கு வெளியே சிமெண்டில் தேய்ந்துகொண்டு போனாள். எழுந்தபோது முழங்கால் தோல் உரிந்திருந்தது. சிரிப்பு நின்றிருந்தது.

அடுத்து நடந்ததை வரிசைப்படி சொல்ல முடியும். வெள்ளை அணியின் மூத்தவள் ஒருத்தி, பந்து எங்கோ இருக்கும்போது, கேப்டனின் வாயில் முழங்கையை இறக்கினாள். நடுவர் பார்க்கவில்லை. உதடு பிளந்தது. கேப்டன் ரத்தத்தை விழுங்கிவிட்டு, அதே ஆளின் தொடையில் முழங்காலை ஏற்றினார். நடுவர் விசில் ஊதினார், ஊதி என்ன பயன், எழுதுவதற்கு எதுவும் இல்லை. ரத்தம் வருகிறவரை வெளியே அனுப்ப வேண்டும் என்பது விதி. நான் எழுந்து நின்று நடுவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "ஷோ மேட்ச்தானம்மா, வுடுங்க," என்று சொல்லிவிட்டுப் பந்தை உள்ளே கொடுத்தார்.

இடைவேளையில் பள்ளியின் தண்ணீர்க் குழாயருகே கேப்டன் வாய் கொப்பளித்தார். தண்ணீர் சிவப்பாக ஓடியது. சிவப்பு அணியின் நட்சத்திரமான வங்கி அணிக்காரி ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, இன்னாங்க இது? ஃபைனல் ஆடறதா நெனப்பா? அவளுங்க என்னயும் சேத்துப் போட்டு அடிக்கறாளுங்க."

"நீ ஓரமா நின்னுக்கோம்மா."

"எனுக்கு அடுத்த வாரம் கோயம்புத்தூர்ல மேட்ச் இருக்குது."

"எனுக்கு இல்ல," என்றார் கேப்டன். மீண்டும் ஒரு வாய் தண்ணீர் எடுத்தார்.

இரண்டாம் பாதியில் பதினைந்தும் புரிந்துகொண்டாள். அவள் ஒன்றும் பொம்மை இல்லை. வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்துக்கு எழும்பும்போது கேப்டனின் பின்னலைக் கையில் சுற்றிக் கீழே இழுத்தாள். கேப்டன் மல்லாந்து விழுந்து தலை தரையில் பட்ட சத்தம் மேசைவரை கேட்டது. எழுந்து பின்னலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, அடுத்த பந்துக்கு அவளுடைய விலாவில் தோளைக் கொடுத்தார். சுண்டுவிரல் ஒன்று தவறான பக்கம் திரும்பியிருந்தது யாருடையது என்று பார்த்தால் கேப்டனுடையது. அதைப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டுமாறு என்னிடம் நீட்டினார். மேசையிலிருந்த பிளாஸ்திரியால் கட்டினேன். "இறுக்கு," என்றார். இறுக்கினேன். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

கேலரியில் கைகலப்பு. "ஏ சிவப்பு, அது ஆளா, பன்னி முட்டற மாதிரி முட்டுது" என்று ஒருவன் கத்த, கேப்டனின் ஊரிலிருந்து வேன் பிடித்து வந்திருந்தவர்கள் அவன்மேல் பாய்ந்தார்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி பறந்து ஆடுகளத்துக்குள் விழுந்தது. அமைப்பாளர் என் காதருகே குனிந்தார். அவர் முகம் மலர்ந்திருந்தது. "பாத்தியா பாப்பா? இத்தினி வருசத்துல ஒருத்தனாவது எழுந்து நின்னு பாத்துக்கிறானா? இப்ப பாரு."

முடிவுக்குச் சற்று முன்பு பதினைந்து பந்தைப் பறித்துக்கொண்டு தனியே ஓடினாள். எதிரே யாரும் இல்லை. நீண்ட கால்கள். கூட்டம் எழுந்தது. அவள் கண் வளையத்தின் மேல் இருந்தது. கேப்டன் எங்கிருந்து அவளை முந்தினாரோ, நான் பார்த்தபோது வளையத்துக்கு முன்னால் இரண்டு காலையும் ஊன்றி, கைகளை மார்பில் குறுக்காக வைத்து நின்றுவிட்டார். பதினைந்தின் கால் தரையை விடுவதற்கு முன்பே அவர் நின்றாகிவிட்டது. இதைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். என் பதில் மாறியதில்லை. விதிப்படி அது மோதியவளின் ஃபவுல். ஆனால் நட்சத்திர ஆட்டத்தில் அந்த இடத்தில் யாரும் நிற்க மாட்டார்கள் என்று நம்பித்தான் அவள் அந்த வேகத்தில் வந்தாள். அதுவும் உண்மை.

மோதல் இருவரையும் தூக்கி எறிந்தது. போர்டைத் தாங்கும் இரும்புத் தூணுக்குத் திண்டு கட்டாமல் விளம்பர பிளெக்ஸ் ஒன்றைச் சுற்றியிருந்தார்கள். பதினைந்தின் தோள் அதில் போய் இடித்தது. பச்சைக் கிளை ஒடிவதுபோல ஒரு சத்தம், பெரிதாக ஒன்றுமில்லை. அவள் கத்தவில்லை. தோளைப் பிடித்துக்கொண்டு, காற்று வெளியேறிய வாயோடு, தரையில் வட்டமாகச் சுழன்றாள். தோலுக்குக் கீழே காறையெலும்பு கூடாரம்போல நின்றது. கேலரியின் சவுக்குக் கட்டைகளை உருவிக்கொண்டு கூட்டம் இறங்கியது. கேப்டனின் நெற்றியில் கண்ணாடி பாட்டில் ஒன்று வந்து உடைந்தது. காவலர்கள் லத்தியை வீசிக்கொண்டு உள்ளே வரும்வரை மேசைக்கு அடியில் அவர் தலையை என் மடியில் அமுக்கி வைத்திருந்தேன். என் தாள் எங்கே போனதென்று தெரியாது. ஆண்கள் ஆட்டம் நடக்கவில்லை.

இப்போதும் விடுமுறைகளில் அந்த மேசைக்குப் போகிறேன். மற்ற நாட்களில் ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் பலகைகளைச் சோதிக்கிற வேலை. அந்த ஊரில் நட்சத்திர ஆட்டத்துக்கும் இப்போது ஃபவுல் எழுதுகிறோம். தூணுக்குத் திண்டு கட்டுகிறார்கள். அமைப்பாளர் வேறு. வருகிற கூட்டம் குறைவு. வருகிறவர்கள் ஆண்டுதோறும் அந்த ஆட்டத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள், அதைப் பார்க்காதவர்கள் உட்பட. கேப்டன் கொலைகாரி என்பார்கள் சிலர். அப்படி ஒரு தடுப்பு எந்த நட்சத்திர ஆட்டத்திலும் யாரும் ஆடியதில்லை என்பார்கள் சிலர். இரண்டையும் ஒரே ஆள் சொல்லவும் கேட்டிருக்கிறேன். நான் இரண்டையும் சொல்வதில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்ததை மட்டும் சொல்வேன்.

ஷேர் ஆட்டோவில் கேப்டனை அழைத்துக்கொண்டு போனேன். நெற்றிக்குத் தையல் போட்டு வெளியே வந்தபோது, நடைவழியில் பதினைந்தின் அம்மா நின்றுகொண்டிருந்தார். கத்தரிக்கோலால் வெட்டி எடுத்த வெள்ளைச் சட்டை அவர் கையில் சுருட்டியிருந்தது. தேர்வு அதிகாரியும் அங்கேயே இருந்தார். கேப்டனைப் பார்த்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்தப் பொண்ணுக்கு ஆபரேஷன் ஆகணும்னு சொல்றாங்க. இந்த சீசன் ஆட முடியாது. அதனால ஒங்களத்தான் எடுக்கறோம்."

ஆட்டத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தடுத்ததைப் பார்த்தாரா இல்லையா என்றே தெரியவில்லை.

அம்மா நடந்து வந்து கேப்டனுக்கு எதிரே நின்றார். "வெளயாட்டுதான இது," என்றார். "எம் பொண்ணு ஓடி வரது தெரிதில்ல. நவுந்து இருக்கலாமில்ல. ஏன் நின்ன?"

"நவுந்தா நான் யாரும் இல்லம்மா," என்றார் கேப்டன்.

அந்த அம்மா ஓங்கி அறைந்தார். உதட்டுப் பிளவு மறுபடி திறந்தது. மறுகன்னத்திலும் அறைந்தார். மூன்றாவது அறைக்குக் கட்டுப் போட்ட நெற்றி தப்பவில்லை. ஊரிலேயே சிறந்த தடுப்பாட்டக்காரர் கையைத் தூக்கவில்லை. தோள்களைத் தளர்த்தி, கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்து, எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அதிகாரி செல்பேசியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் அந்த அம்மாவின் கைதான் ஓய்ந்தது. வெட்டிய சட்டையை முகத்தில் பொத்திக்கொண்டு அவர் சுவரோரமாக உட்கார்ந்தார்.

கேப்டன் புறங்கையால் வாயைத் துடைத்தார். அதிகாரியின் பக்கம் திரும்பினார்.

"எந்தத் தேதிக்கி வந்து சேரணும் சார்?"