சுவரையும் சேர்த்து அளந்த அறை

தொண்ணூறுகளின் நடுவில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை பார்த்தேன். வரைபடங்களைக் கம்ப்யூட்டரில் போடுவேன். பிறகு ஒவ்வொரு அறையாகத் திரையில் மவுசால் தொட்டு, அளவைக் காகிதத்தில் எழுத வேண்டும். ஓர் அடுக்குமாடிக்கு மூன்று நாள் போய்விடும். அந்த எரிச்சலில் மதிய இடைவேளைகளில் உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதினேன். வரைபடத்திலிருந்து அறைகளின் பெயரையும் உள் அளவையும் அதுவே தேடி எடுத்துப் பட்டியல் போட்டுவிடும்.

முதலில் ஓட்டியது எங்கள் முதலாளியே ஊரப்பாக்கத்தில் கட்டி விற்றுக்கொண்டிருந்த குடியிருப்புக்கு. விளம்பர நோட்டீசில் பத்துக்குப் பன்னிரண்டு என்றிருந்த படுக்கையறை, என் பட்டியலில் ஒன்பதேகாலுக்குப் பதினொன்றேகால்தான் வந்தது. முதலாளியிடம் காட்டினேன்.

"சுவரையும் சேர்த்து எடும்மா. எல்லாரும் அப்படித்தான் போடறாங்க."

"சுவருக்குள்ளயா சார் படுப்பாங்க?"

"சொன்னதைச் செய்."

செய்தேன். சுவரின் கனத்தையும் கூட்டச் சொல்லி, புரோகிராமில் ஒரே ஒரு வரி கூடுதலாக எழுதினேன். அவர்மேல் இருக்கும் கோபத்தைவிட அந்த வரியை எழுதிய என்மேல்தான் இன்றும் கோபம் அதிகம்.

வீடுகளை ஒப்படைத்த பிறகு ஒரு நாள், அங்கே வீடு வாங்கிய பொழிச்சலூர் தையல்கார அக்கா இஞ்ச் டேப்போடு வந்தார்.

"கட்டில் போட்டா கதவு தொறக்கல சார். அளந்து பாத்துகினுதான் வரேன். நோட்டீஸ்ல வேற மாதிரி கீது."

முதலாளி அந்த டேப்பைப் பார்க்கக்கூட இல்லை. என் பட்டியலை எடுத்து மேசைமேல் போட்டார்.

"இது கம்ப்யூட்டர் எடுத்த கணக்கும்மா. மெஷின் பொய் சொல்லுமா? உங்க டேப்பு நைஞ்சு போயிருக்கும்."

அந்த அக்கா டேப்பை விரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். துணி அளந்தே குடும்பத்தைக் காப்பாற்றியவர், தன் டேப்பையே சந்தேகப்பட்டார்.

நான் சேர்த்த வரியை அழித்துவிட்டுப் புரோகிராமை மறுபடி ஓட்டினேன். பிரிண்டர் கரகரவென்று அடித்து முடித்தது. தாளைக் கிழித்தெடுத்து அக்கா கையில் கொடுத்தேன்.

"உங்க டேப் சரிதான்க்கா. தப்பா எழுதினது நான்தான்."

"நாளைலேருந்து வர வேணாம்," என்றார் முதலாளி.

"நானும் வரதா இல்ல சார்."

அந்தத் தாளைக் காட்டி, அக்கா மற்ற வீட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போய்ச் சண்டை போட்டார். கடைசியில் கதவுகளை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றிக் கொடுத்தார்கள். வேறு எதுவும் நடக்கவில்லை. தாம்பரம் மார்க்கெட்டில் பார்த்தபோது அதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.