விடு என்ற சொல்லும் ஒரு பிரேக் பெடலும்

மேடையில் என்னை அறிமுகம் செய்கிறவர்கள், தமிழில் முதுகலை படித்தவள் என்றும், கல்லூரிக் காலம் தொட்டுப் பட்டிமன்றங்களில் பேசிவருகிறவள் என்றும், நேரம் முடிந்து நடுவர் மணி அடித்த பிறகும் அவையைக் கலையவிடாமல் பேசத் தெரிந்தவள் என்றும் சொல்வார்கள். மூன்றும் உண்மை. மூன்றிலும் எனக்குப் பெருமை உண்டு. அவர்கள் சொல்லத் தவறுகிற ஒன்றை ஒலிபெருக்கியைப் பிடித்ததும் நானே சொல்லிவிடுவேன்: என்னிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது.

நம் நாட்டிலேயே சில காலம் செய்து, பிறகு செய்வதை நிறுத்திவிட்ட கார் அது. இரண்டே இருக்கை, துணிக் கூரை. உடம்பு தகரம் அன்று, ஃபைபர். தட்டினால் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைத் தட்டியதுபோல் ஒலிக்கும். நான் முதலில் கண்டபோது நத்தத்தில் ஒரு மாங்காய் வியாபாரியின் கிட்டங்கியில், காலிக் கூடைகளுக்குப் பின்னால், நான்கு டயரும் காற்றிறங்கித் தரையோடு ஒட்டி நின்றது. சிவப்பு நிறம் என்பது துடைத்த பிறகுதான் தெரிந்தது. இரண்டு திருவிழாப் பருவங்களில் ஊர் ஊராகப் பேசிச் சேர்த்ததைக் கொண்டு அதை வாங்கினேன். வீட்டில் ஒரு வாரம் யாரும் என்னோடு பேசவில்லை. பிறகு ஒவ்வொருவராக வந்து அதில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள்.

அதை ஊருக்குள் ஓட்டிக்காட்டுவது என் நோக்கமன்று. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பந்தயப் பாதை இருக்கிறது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் அதை எங்களைப் போன்ற பொழுதுபோக்கு ஓட்டிகளுக்குத் திறந்துவிடுகிறார்கள். பரிசு கிடையாது, முதலிடம் கிடையாது. அவரவர் வண்டியை அவரவர் கொண்டுபோய், எதிரே மினிபஸ் வராத, ஆடு குறுக்கே பாயாத ஒரு சாலையில் வண்டியால் முடிந்த அளவுக்கு ஓட்டிப் பார்க்கலாம். அந்தப் பாதையில் ஒரு நாள் முழுமையாக ஓட்டிவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஆசை என்னுடையது. அதை நடத்திக் காட்டும் கை என் தோழியுடையது. பள்ளியில் எனக்குப் பக்கத்து இருக்கை அவள். பாலிடெக்னிக் முடித்துவிட்டுத் திண்டுக்கல்லில் நத்தம் சாலையோரம் பிரேக் பட்டறை வைத்திருக்கிறாள். சிறுமலையிலிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும் வண்டிகள், சக்கரத்தில் புகையோடு அவளிடம்தான் வந்து நிற்கும். புகையின் மணத்தை வைத்தே எந்தப் பக்கச் சக்கரம் என்று சொல்லிவிடுவாள்.

காரை அவளிடம் கொண்டுபோய் நிறுத்தி, பெரிய சைலன்சர், புது ஏர் ஃபில்டர், இன்ஜினுக்குக் கூடுதல் சக்தி என்று நான் ஒரு பட்டியல் வாசித்தேன். வேகத்தின் இன்றியமையாமை குறித்து முன்னுரை, பொருளுரை, முடிவுரையோடு பேசியதாகவே நினைவு. அவள் காரின் முன்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சது."

"மொதல்ல இது நிக்கட்டும். அப்புறம் ஓடட்டும்."

என் பேச்சு வாழ்க்கையில் இவ்வளவு சிறிய எதிருரையிடம் நான் தோற்றதில்லை. அந்த ஆண்டு முழுவதும் காரில் நாங்கள் செய்த மாற்றங்கள் எல்லாம் நிறுத்துவதற்காகச் செய்தவையே. அதிகச் சூடு தாங்கும் பிரேக் ஆயில் ஊற்றினோம். வெளியூரிலிருந்து வரவழைத்த பிரேக் பேட் மாட்டினோம். அழுத்தினால் உப்பிக்கொள்ளும் பழைய ரப்பர்க் குழாய்களை எடுத்துவிட்டு, கம்பி பின்னிய குழாய்கள் பொருத்தினோம். பிரேக்குக்குக் காற்று போகவேண்டும் என்று, தோட்டத்து மோட்டாருக்குப் போடும் பச்சை ஹோஸைக் கார் முகப்பிலிருந்து சக்கரம் வரை இழுத்துக் கட்டினேன். அது என் சொந்த யோசனை. வத்தலக்குண்டு சாலையில் ஒரே ஓட்டத்தில் அதன் முனை உருகித் தொங்கியது.

"கத்தரிக்காய்க்குத் தண்ணி பாய்ச்சவா போற?" என்று கேட்டுவிட்டு, அவள் அளவுக்காக அந்த முனையை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு, பீரோவும் இரும்புப் பெட்டியும் செய்கிற ஒருவரிடம் போனாள். அவர் அரை மணி நேரத்தில் ஒரு தகரப் புனல் வளைத்துக் கொடுத்தார். இன்றும் என் காரின் பிரேக்குக்குக் காற்று போவது திண்டுக்கல் பெட்டிக்காரர் கைவேலை வழியாகத்தான்.

இனி, நடந்த பிழைக்கு வருகிறேன்.

பிரேக் ஆயிலை மாற்றினால் குழாய்க்குள் காற்று தங்கிவிடும். அந்தக் காற்றை வெளியேற்றுவதற்குப் பட்டறையில் 'ஏர் எடுப்பது' என்று பெயர். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இருக்கையில் உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும், மற்றவர் சக்கரத்தடியில் கிடந்து ஒரு சிறு திருகைத் திறந்து மூட வேண்டும். கீழே இருப்பவர் "பிடி" என்றால், மிதித்த காலை அப்படியே வைத்திருக்க வேண்டும். திருகைத் திறந்ததும் ஆயிலும் காற்றுக் குமிழும் வெளியே வரும், பெடல் அடிவரை இறங்கும். திருகை மூடிய பிறகே "விடு" என்பார். அதன் பின்புதான் காலை எடுக்கலாம். திருகு திறந்திருக்கும்போது காலை எடுத்தால், போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். இதில் இரண்டே சொற்கள்தாம் இருக்கின்றன. சொல்லைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இதில் என்ன இடர் வரும் என்று நினைத்தேன்.

பாதைக்குப் போவதற்கு முந்தைய நாள் பகலில் ஏர் எடுத்தோம். மூன்று சக்கரம் முடிந்து நான்காவது நடந்துகொண்டிருந்தது. அவள் "பிடி" என்றாள், பிடித்தேன். பெடல் இறங்கியது. "விடுடீ" என்றாள், விட்டேன். வாசலில் வந்து நின்ற ஒரு வாழைத்தார் வண்டியின் இரைச்சலில் அதற்குமேல் எதுவும் என் காதில் விழவில்லை. அவ்வளவுதான். பிறகு அவள் எழுந்து அந்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டாள். நான் பெடலை நாலு மிதி மிதித்துப் பார்த்தேன், கல்லாக நின்றது. அடுத்தடுத்து மிதித்தால் காற்று இருக்கிற பெடலும் கல்லாகத்தான் நிற்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

மறுநாள் விடிந்ததும் இருவரும் புறப்பட்டோம். ஒட்டன்சத்திரம், பழனி, நெய்க்காரப்பட்டி என்று வழியெல்லாம் நான், பெடல் சற்றுக் கூடுதலாக இறங்குவதைக்கூடக் கவனிக்காமல், பேசிக்கொண்டே ஓட்டி வந்தேன். ஒரு வாரத்துக்கு முன்புதான் ஆத்தூரில் ஒரு திருவிழா மேடையில், வாழ்வுக்கு வேண்டியது வேகமா நிதானமா என்ற தலைப்பில் வேகத்தின் பக்கம் நின்று பேசி, "வரும் ஞாயிறு இந்த நேரம் நான் பந்தயப் பாதையில் இருப்பேன்" என்று கைதட்டலுக்கிடையே முடித்திருந்தேன்.

பாதையில் ஏறுவதற்கு முன் ஒவ்வொரு வண்டியையும் சோதிப்பார்கள். எங்களுக்கு வந்தவர் கோவைக்காரர், மெல்லப் பேசுகிறவர். அவர் பெடலைப் பலமுறை மிதிக்கவில்லை. ஒரே மிதி மிதித்து, காலை எடுக்காமல் இருபது எண்ணும் நேரம் வைத்திருந்தார்.

"ஏனுங்க, கால் உள்ள போய்ட்டே இருக்குதுங்களே. பஞ்சு மெத்தைய மிதிக்கிறாப்பல இருக்குதுங்க. உள்ள காத்து இருக்குதுங்க. இன்னைக்கு விட முடியாதுங்க."

நான் வாதாடினேன். அவர் முழுவதையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, தாளில் எழுதியபடியே சொன்னார். "நல்லாப் பேசுறீங்க. அடுத்த மொறையும் இதே கோளாறுன்னா, இந்த சீசன்ல இந்த வண்டிய சேத்துக்க மாட்டமுங்க. பாத்துக்குங்க."

மெதுவாகவே ஓட்டித் திரும்பினோம். ஊருக்கு வந்தபின் தேநீர்க் கடையில் தெரிந்தவர் ஒருவர், "என்னம்மா, எத்தன சுத்து போட்ட?" என்று கேட்டார். ஆத்தூரில் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியவர் அவர். "இன்னும் போடல" என்று சொல்லவேண்டி வந்தது.

மறுநாள் பட்டறையில் அவள் என்னை விசாரித்தாள். காரைவிட என்னைத்தான் சந்தேகப்பட்டாள்.

"கடைசிச் சக்கரத்துல கால எப்ப எடுத்த?"

"நீ சொன்ன பிறகுதான்."

"நான் என்ன சொன்னேன்?"

"விடுடீன்னு சொன்ன."

அவள் காதிலிருந்த சிறு ஹெட்செட்டைக் கழற்றி என் முன்னால் நீட்டினாள். "ஏண்டி, அது எந் தங்கச்சிட்ட சொன்னது. அம்மா வஞ்சுட்டாகன்னு போன்ல அழுதுக்கிட்டு இருந்தா. விடுடீ, நான் பேசிக்கிறேன்னு அவகிட்ட சொன்னேன். அப்ப இங்க திருகு தெறந்து கெடக்கு."

காலை எடுக்கவும் விடு, கவலையைத் தள்ளவும் விடு, வாசலில் இருக்கிறவரை உள்ளே அனுமதிக்கவும் விடு. என் தாய்மொழியில் ஒரு சொல்லுக்கு இத்தனை பொருள் இருப்பதை நான் பல மேடைகளில் மெச்சிப் பேசியிருக்கிறேன். அன்று மெச்சவில்லை. வேலை நேரத்தில் தொலைபேசியை ஏற்றது அவளுடைய முதல் குற்றம், யாரிடம் சொல்கிறாள் என்று தெளிவுபடுத்தாதது இரண்டாவது என்று நான் வரிசைப்படுத்தத் தொடங்கினேன்.

"செத்த நேரம் வாய மூடு புள்ள" என்றாள். "உன்னைய நான் எப்பவாச்சும் வேலைக்கு நடுவுல டீ போட்டுக் கூப்ட்ருக்கனா? பிடி, விடு. அம்புட்டுதானே சொல்லுவேன்? நீ சொல்லைக் கேட்ட, அதுல ஒட்டிக்கிட்டு இருந்த டீயைக் கேக்கல."

ஒரு விகுதியைக் கவனிக்கத் தவறியவள் நான். முதுகலைப் பட்டம் வாங்கிய பாடத்தில், பட்டறைத் தரையில் தோற்றிருந்தேன்.

"சரி, பேச்சே வேணாம்" என்று அவள்தான் முடிவு செய்தாள். "உங்க பட்டிமன்றத்துல மணி அடிப்பாகளே, அது மாதிரி வச்சுக்குவோம். நான் ஸ்பேனரால டிஸ்குல ஒரு தட்டு தட்டுனா பிடிக்கிற. ரெண்டு தட்டுனா கால எடுக்குற. நான் என்ன பேசுனாலும் அது ஒனக்கு இல்ல. நீ மணிக்கு அடங்குற ஆளு இல்லேன்னு ஊருக்கே தெரியும். இங்க அடங்கிக்க."

அடுத்த பாதை நாளுக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை முழுப்பகலும் அதற்காக ஒதுக்கினோம். பழைய ஆயிலை முழுவதும் வெளியேற்றிவிட்டுப் புதிதாகத் தொடங்கினோம். டிங் என்றால் பிடித்தேன். டிங் டிங் என்றால் எடுத்தேன். இடையில் அவள் இரண்டு முறை வேண்டுமென்றே, "விடு புள்ள, போதும்" என்று கீழிருந்து குரல் கொடுத்துப் பார்த்தாள். என் கால் அசையவில்லை. மூன்றாம் முறை, "காபி வந்துருக்கு, எறங்கு" என்றாள். அதற்கும் அசையவில்லை. அது உண்மையிலேயே காபி வந்து சொன்னது என்பது அது ஆறிய பிறகு தெரிந்தது. நான்கு சக்கரமும் முடிந்தபின் அவளே ஏறி உட்கார்ந்து, அந்தக் கோவைக்காரர் செய்ததுபோல் ஒரே மிதி மிதித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் வைத்திருந்தாள். பெடல் இறங்கவில்லை. இறங்கிப்போய்க் கை கழுவினாள். அவள் அகராதியில் அது பாராட்டு.

மறுநாள் அதே சோதனை, அதே மனிதர். அவர் காரின் அருகே வந்ததும் என் தோழி இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டாள். இந்த வண்டி இந்தப் பருவம் முழுவதும் ஓடுமா, கொட்டகையில் நிற்குமா என்பது அவர் காலடியில் இருந்தது. அவர் மிதித்தார், வைத்திருந்தார். பெடல் கல்லுப்போல் நின்றது. காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தார். பிறகு வெளியே வந்து, முன்சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து, அந்தத் தகரப் புனலை விரலால் சுண்டிப் பார்த்தார்.

"இது எங்கீங்க வாங்குனது?"

"திண்டுக்கல்ல பெட்டி செய்றவர் போட்டது" என்றாள் தோழி.

"அளவா இருக்குதுங்க. போலாமுங்க" என்று கண்ணாடியில் ஒரு சிறு தாளை ஒட்டினார்.

நான் பாதையில் இறங்கியபோது வெயில் ஏறியிருந்தது. முதல் சுற்றில் நான் ஓட்டியதைவிட வழிவிட்டதே அதிகம். இரண்டாவதில் சாலை பழகியது. நீண்ட நேர்ப்பகுதியின் கோடியில், வளைவுக்கு இன்னும் எத்தனை மீட்டர் என்று எழுதிய வெள்ளைப் பலகைகள் இருக்கின்றன. மூன்றாம் சுற்றில் நூறு என்ற பலகைவரை ஆக்ஸிலரேட்டரில் காலை அழுத்தி வைத்திருந்து, அதைக் கடந்ததும் பிரேக்கை மிதித்தேன். வார்ப்பட்டை தோளை இறுக்கியது, கார் மூக்கைத் தாழ்த்தி நேர்கோட்டில் நின்று தணிந்தது. பெடல் என் காலடியில் எந்த உயரத்தில் தொடங்கியதோ, ஐந்தாவது, எட்டாவது சுற்றிலும் அதே உயரத்தில் இருந்தது. வேகத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். நிறுத்துவதில் இவ்வளவு இன்பம் இருக்கும் என்று எந்த நடுவரும் எனக்குச் சொன்னதில்லை.

கொடி காட்டியதும் ஒரு சுற்று மெதுவாகவே வந்தேன், பிரேக் ஆறவேண்டும். நிறுத்துமிடத்தில் நான் வழக்கம்போல் ஹேண்ட்பிரேக்கை நோக்கிக் கையைக் கொண்டுபோக, அவள் ஜன்னல் வழியே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சூட்டோடு இழுத்தால் பேட் ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்கு ஒரு மரக்கட்டையை அணை கொடுத்தாள். தூக்குப்பாத்திரத்தில் கொண்டுவந்த சீரகச்சம்பா பிரியாணியைக் காரின் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சாப்பிட்டுக் கை கழுவியதும் அவள் டார்ச் அடித்துச் சக்கரங்களுக்குள் பார்த்தாள்.

"பேட் பாதிக்கு மேல இருக்கு. இன்னும் ரெண்டு ஓட்டம் தாங்கும்" என்றவள் எழுந்து என்னிடம் கையை நீட்டினாள். "ஹெல்மெட்ட குடு."

பதிவுத்தாளில் இரண்டாவது ஓட்டியாக அவள் பெயரையும் காலையில் எழுதிக் கொடுத்திருந்தாளாம். என்னிடம் சொல்லவில்லை. மறுப்பதற்கு என்னிடம் காரணம் எதுவும் இல்லை. நான் வேலியோரம் போய், நேர்ப்பகுதியின் கோடி நன்றாகத் தெரிகிற இடத்தில் நின்றுகொண்டேன்.

முதல் இரண்டு சுற்று அவள் அடக்கமாகவே வந்தாள். மூன்றாம் சுற்றில் சிவப்புக் கார் வெயிலில் நீண்டு வந்து, நான் பிரேக்கை மிதித்த நூறு என்ற பலகையைக் கடந்தது. பின்னால் பிரேக் விளக்கு எரியவில்லை. நான் வேலிக் கம்பியைப் பிடித்தேன். ஐம்பது என்ற பலகைக்குச் சற்று முன்னால்தான் அது எரிந்தது. கார் தாழ்ந்து, தணிந்து, வளைவுக்குள் ஒழுங்காகத் திரும்பிப் போனது.