சடை விழுந்த ஞாயிற்றுக்கிழமை

குளிக்கும்போது என் சடாமுடியிலிருந்து சடை ஒன்று கையோடு வந்துவிட்டது. முழங்கை நீளம், கட்டைவிரல் தடிப்பு. ஈரத்தரையில் அது வளைந்து கிடந்ததைப் பார்த்துப் பாம்பென்று கத்தினேன். ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரத்தில் நாலாம் மாடிக் குளியலறைக்குப் பாம்பு எப்படி ஏறி வரும் என்று யோசிக்கும் நிதானம் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. கத்தியதைக் கேட்க வீட்டில் யாருமில்லை. மனைவி பிரிந்துபோய்ப் பல வருடங்கள்.

அன்று பின்னேரம் பக்கத்து ஊர் மண்டபத்தில் எனக்குக் கச்சேரி. நான் ரூட்ஸ் ரெகே பாடுகிறவன். ஊரை இழந்தவன் கடவுளோடு நியாயம் பேசுகிற மாதிரியான, மெதுவான பழைய ஜமெய்க்கா இசை. பாடுவது தமிழில். கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, அகதி விடுதியில் ஆப்பிரிக்காவின் கானா நாட்டுக்காரர் ஒருவரோடு ஒரே அறையில் கிடந்த நாட்களில் அவருடைய கசெட்டுகளிலிருந்து தொற்றிய பைத்தியம். அந்தப் பாடகர்களைப் பார்த்து வளர்த்ததுதான் சடையும். அன்று தொடங்கி வாரநாட்களில் தொழிற்சாலைச் சமையலறை, சனி ஞாயிறு மேடை. கூட வாசித்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுவிட்டார்கள். இப்போது நானும், மடிக்கணினியில் பதிந்து வைத்த பின்னணி இசையும் மட்டும்.

எங்கள் சனம் என் சடையைக் கண்டால் பிள்ளைகளைப் பக்கத்தில் இழுத்துக்கொள்ளும். கஞ்சாக்காரனாம். நான் எடுப்பது இரத்த அழுத்தக் குளிசை. கோயில் தேருக்குப் போனால் அதே சடைக்காக வயதான அம்மாமார் என்னைச் சாமியார் என்று நினைத்துத் திருநீறு கேட்பார்கள். பூசியும் விட்டிருக்கிறேன்.

ஜெர்மன்காரருக்கோ நானே அந்தச் சடைதான். சுவரொட்டியில் முகம் கொஞ்சம், மிச்சமெல்லாம் சடை. அது போனால் மேடையில் நிற்கப்போவது சமையலறை ஆள். அவனுடைய பாட்டை யார் கேட்பார்கள்?

விழுந்ததைப் பையில் போட்டுக்கொண்டு கீழ்மாடி அக்காவிடம் ஓடினேன். மணப்பெண் அலங்காரம் செய்கிறவர். எலிவால் கூந்தலிலும் இடுப்புக்குக் கீழே தொங்கும் பொய்ச்சடை தைத்துவிடுவார்.

"என்ன தம்பி முகம் இப்பிடிக் கிடக்கு? ஆரும் செத்துப் போச்சினமோ?"

பையை நீட்டினேன்.

"ஐயோ, பூனைக்குட்டியோ?"

"என்ரை சடை அக்கா. பொம்பிளையளுக்குத் தைக்கிற மாதிரி ஒருக்காத் தைச்சு விடுங்கோ."

கதிரையில் இருத்தி, விரல்களால் என் மண்டையை மெல்லத் துழாவினார். இன்னொருவர் என் தலையைத் தொட்டு எவ்வளவு காலம் என்று அப்போதுதான் உறைத்தது. கண் கலங்கியது. காலையில் போட்ட ஷாம்பு கண்ணில் பட்டுவிட்டது என்று சொன்னேன்.

"ஏலாது தம்பி. பாரம் இழுத்து இழுத்து முன்பக்கம் எல்லாம் கழண்டு கிடக்கு. தைக்கிறதுக்கு அடியிலை மயிர் வேணுமெல்லோ?"

"பசை போட்டு ஒட்டினால்?"

"பொம்பிளை மணவறையிலை அசையாமல் இருப்பா. நீர் துள்ளுறனீர். முன்வரிசையிலை இருக்கிறவையின்ரை பியருக்குள்ளை விழும். பேசாமல் இரும், மிச்சத்தையும் வழிச்சு விடுறன்."

வழித்தார். கண்ணாடியில் வரித்திணைக்கள அலுவலர் ஒருவர் என்னை உற்றுப் பார்த்தார்.

மண்டபத்தில் என்னைக் கண்டதும் ஏற்பாட்டாளரான ஜெர்மன் அம்மா வாயைப் பொத்தினார். பிறகு கட்டிப்பிடித்து, "எப்போதிலிருந்து?" என்று கேட்டார்.

"காலையிலிருந்து."

அழுதுகொண்டே சிரித்தார். "உன் நகைச்சுவையை மட்டும் விட்டுவிடாதே."

அப்போதுதான் விளங்கியது. எனக்குப் புற்றுநோய் என்று முடிவு கட்டிவிட்டார்.

"நோய் ஒன்றுமில்லை, முடி விழுந்தது, அவ்வளவுதான்."

"ஆமாம், அது விழும்தான்" என்றவர், மேடையில் ஒரு நாற்காலியைப் போடச் சொன்னார். பக்கத்தில் ஒரு கம்பளியும் வந்தது.

பாடினேன். ஒவ்வொரு பாட்டுக்கும் மண்டபமே எழுந்து நின்றது. இத்தனை வருடத்தில் எனக்கு அப்படி யாரும் எழுந்ததில்லை. முடிந்ததும் வரிசையில் வந்து அணைத்தார்கள். நோயில்லை என்று சொல்லச் சொல்ல அணைப்பு இறுகியது. வாரக்கணக்கில் யாரும் கைகூடக் கொடுக்காத எனக்கு ஒரே பின்னேரத்தில் அத்தனை அணைப்பு, அவ்வளவும் வேறொரு நோயாளிக்குச் சேர வேண்டியது.

மண்டபம் காலியானது. நாற்காலியில் இருந்தபடி யோசித்தேன். எழுந்தது பாட்டுக்கா, மொட்டைக்கா? சடை இல்லாமலும் நான் பாடகன்தானா என்பது தெரிய வந்திருக்கக்கூடிய ஒரே நாளில், இரக்கம் வந்து அதை மூடிவிட்டது.

ஒலியமைப்பாளர் குனிந்து வயர் சுற்றிக்கொண்டிருந்தார். வந்ததிலிருந்து வணக்கம் தவிர ஒரு வார்த்தை பேசாத மனிதர். நிமிராமலே சொன்னார்: "இரண்டாவது பாட்டில் சுருதி இறங்கிவிட்டது."

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. நோயாளியிடம் யாரும் சுருதிக் குறை சொல்லமாட்டார்கள். "வேறு?"

"மூன்றாவதில் அவசரப்பட்டீர்கள். கடைசிப் பாட்டு நல்லது. கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்டேன்."

எழுந்துபோய் வயரின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டேன். மேலே எதுவும் கேட்கவில்லை. கேட்கப்போய், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.