ஆற்றின் சத்தம் கேட்காத காலை

ஆர்டிஸ் லிண்ட்வாலுக்கு நவம்பர் பிறந்தால்தான் ஆண்டு பிறந்த மாதிரி. கோடை முழுக்க டாகெட் ஆற்றில் அவள் படகு ஓட்டுவாள். வெளியூரிலிருந்து மீன்பிடிக்க வருகிறவர்களை உட்காரவைத்துத் துடுப்புப் போடுவாள். அவர்கள் தூண்டில் நூலை மரக்கிளையில் சிக்கவைத்தால் எடுத்துக் கொடுப்பாள். அவர்கள் சொல்லும் அரசியலுக்கெல்லாம் தலையாட்டுவாள். முதல் பனி விழுந்ததும் அவர்கள் போய்விடுவார்கள். மொன்டானாவின் அந்த மலைப் பள்ளத்தாக்கில் அவளும் ஆறும் மட்டும் மிஞ்சுவார்கள்.

பழுப்பு ட்ரவுட் மீன்கள் முட்டையிட மேலேறி வரும் காலம் அது. கூழாங்கல்லை வாலால் விலக்கிக் குழி பறிக்கும் மீனை அவள் தொந்தரவு செய்ய மாட்டாள். கீழே ஆழத்தில் காத்திருக்கும் மீன்களுக்குத்தான், இறகையும் நூலையும் சுற்றித் தானே கட்டிய பொய்ப்பூச்சியை வீசுவாள். பிடித்ததையும் தண்ணீரிலேயே விட்டுவிடுவாள்.

இதில்தான் டெல்மர் குரூக்கோடு அவளுக்குப் பகை. ஆற்றோரம் மாடு வளர்க்கும் டெல்மருக்கு மீன் என்றால் அது வாணலியில் கிடக்க வேண்டும்.

"பிடிச்சு முத்தம் குடுத்து அனுப்புறதுக்கு எதுக்கு இவ்வளவு குளிர்ல நிக்கிற? வீட்டுல பூனை இல்லையா?" என்று காப்பிக் கடையில் எல்லார் காதிலும் விழக் கேட்பான். ஒரு நவம்பரில் அவன் முட்டை நிறைந்த மீன்களைக் கொன்று போட்டதைப் பார்த்து அவள் மீன்வளக் காவலரிடம் சொல்லிவிட்டாள். அன்றோடு பேச்சு நின்றது. கடையில் அவள் நுழைந்தால் அவன் எழுந்து போவான்.

அந்த வியாழக்கிழமை விடிந்ததும் வழக்கமான வளைவில் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தாள். ஏதோ சரியில்லை. பனி அமர்ந்திருந்தது, காற்று இல்லை. காது அடைத்துவிட்டதோ என்று விரலால் குடைந்து பார்த்தாள். பிறகுதான் புரிந்தது: ஆற்றின் சத்தம் இல்லை.

புதரை விலக்கிக்கொண்டு கரைக்கு ஓடினாள். ஆறு இருந்த இடத்தில் கல் கிடந்தது. பாசி படிந்த, ஈரம் மின்னும் கல். அக்கரை வரைக்கும் அதுதான். நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர் நெளிந்தது. அங்கங்கே தேங்கிய குட்டைகளில் மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று புரண்டன. முதுகு வெளியே தெரிய, வாயைத் திறந்து திறந்து மூடின. முட்டைக் குழிகள் வெட்டவெளியில் கிடந்தன. அவற்றின்மேல் பனிப்பொருக்கு பிடிக்கத் தொடங்கியிருந்தது.

தூண்டில் கோல் கையிலிருந்து எப்போது விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்த ஒரே வீடு டெல்மருடையது. அங்கே ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்தவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "இன்னைக்கு நான் எதையும் கொல்லல. போயி உன் காவலர்கிட்ட சொல்லு."

"டெல்மர், ஆத்துல தண்ணி இல்ல."

"குடிச்சிருக்கியா?"

"தண்ணி இல்லடா! வந்து பாரு!"

வீட்டுச் செருப்போடு கரை வரைக்கும் வந்தவன் தொப்பியைக் கழற்றினான். "மேல இருக்கிற அணைக்கு என்னமோ ஆயிருச்சு," என்று முனகினான். திரும்பி ஓடிப்போய், மாட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் தொட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். வரும் வழியிலேயே தொலைபேசியில் ஊரை எழுப்பியிருந்தான்.

அதற்குப் பிறகு யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. வாளி, சலவைக் கூடை, குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி என்று கையில் கிடைத்ததோடு ஆட்கள் வந்தார்கள். குட்டையிலிருந்து மீனை அள்ளி, இன்னும் தண்ணீர் நின்ற பெரிய மடுவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். ஆர்டிஸ் தூக்கிய ஒரு பெட்டை மீன் கையிலேயே முட்டையைப் பீய்ச்சியது. ஆரஞ்சு மணிகள் அவள் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டன. அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"நிக்காத, நட!" என்று டெல்மர் அதட்டினான். "அழுகையெல்லாம் அப்புறம்."

பிழைக்காது என்று தெரிந்தவற்றை அவன் கல்லில் ஓங்கித் தட்டி முடித்தான். ஒவ்வொன்றுக்கும் முன்னால் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள்.

மதியத்துக்குப் பிறகு மேலே யாரோ கத்தினார்கள்: "வருது! கரை ஏறுங்க!" அணையின் மதகில் ஏதோ உடைந்து கதவு தானாக இறங்கிவிட்டதாம், சரிசெய்துவிட்டார்களாம். பழுப்பு நுரையோடு தண்ணீர் கல்லை மூடிக்கொண்டு வந்தது. அரைமணியில் ஆறு பழையபடி ஓடியது, ஒன்றுமே நடக்காத மாதிரி. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்தவளுக்குச் சாவியைத் திருப்பக் கை வரவில்லை. டெல்மர் வந்து, தள்ளி உட்காரச் சொல்லி, வீடு வரைக்கும் ஓட்டிப்போனான்.

அந்தக் குளிர்காலத்தில் அவள் தூண்டில் எடுக்கவில்லை. வசந்தத்தில் மீன்வளத் துறை ஆட்கள் வலையோடு வந்து குஞ்சு தேடினார்கள். அந்த வளைவில் அநேகமாக ஒன்றும் இல்லை என்றார்கள். மடுவில் விட்ட பெரிய மீன்கள் நிறையப் பிழைத்திருந்தன.

கோடையில் மறுபடி படகு ஓட்டினாள். வாடிக்கையாளர் ஒருவர், "ஆறு வத்துன அந்த நாள் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். துடுப்பு இரண்டும் தண்ணீருக்கு மேலே நின்றன. படகு தன்பாட்டில் பக்கவாட்டில் திரும்பத் தொடங்கியதும்தான் அவளுக்குத் துடுப்பு நினைவு வந்தது.

"தூண்டில் கோலை மேல தூக்குங்க," என்றாள். "கல்லு வருது."