மதம் என்ற கட்டத்தில் நான் அடித்த சொல்

துபாயில் நான் வேலை பார்த்த கட்டுமானக் கம்பெனியின் ஆபீசில் நான் ஒருத்திதான் பெண். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆளும் நான்தான். டைப்ரைட்டிங் ஹையரில் முதல் வகுப்பு. என் காகிதத்தில் அழித்த தடம் இருக்காது என்று ஆங்கிலேய மேனேஜர் ஒருமுறை சொன்னார். அதை அப்படியே அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது, யாராவது படித்துக் காட்டினால் நாலு பேர் காதில் விழட்டும் என்றுதான்.

புதிதாக ஆட்கள் வந்தால் ஆளுக்கொரு பாரம் அடிப்பேன். பெயர், தகப்பன் பெயர், ஊர், மதம். மதத்தை நான் யாரிடமும் கேட்டதில்லை. பெயரைப் பார்ப்பேன். முஸ்லிம் பெயர், கிறிஸ்தவப் பெயர், மீதியெல்லாம் இந்து. பஞ்சாபிலிருந்து வந்த கிரேன் ஆப்பரேட்டருக்கும் அப்படித்தான் அடித்தேன். தலைப்பாகையும் தாடியுமாக என் எதிரிலேயே நின்றிருந்தார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. தம் மொழியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "மெஹர்பானி, பெஹன்ஜி" என்று, என்னைச் சகோதரி என்றழைத்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த கோடையில் சைட்டில் இரும்புக் குழாய் விழுந்து ஒருவருக்கு மண்டை உடைந்தது. எல்லோரும் ஹெல்மெட் போடவேண்டும் என்று உத்தரவு வந்தது. கிரேன் ஆப்பரேட்டர் தலைப்பாகையைக் கழற்ற மாட்டேன், அது தன் மதம் என்றார். மேனேஜர் அவருடைய ஃபைலைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தவள் நான். மேனேஜர் மதம் என்ற கட்டத்தைப் பேனாவால் தட்டினார்.

"இந்து என்று போட்டிருக்கிறது. மற்ற இந்துக்கள் எல்லாம் ஹெல்மெட் போடுகிறார்களே. இவன் பொய் சொல்கிறான்."

சனிக்கிழமைக்குள் ஹெல்மெட் போடவேண்டும், இல்லாவிட்டால் விசா கேன்சல். ஃபோர்மேன் வெளியே வந்து சிரித்தார். "கலாஸ்! முடிந்தது கதை. சர்தார்ஜிக்கு டிக்கெட் ரெடி."

அன்று புதன்கிழமை. மத்தியானம் அவர் என் மேஜைக்கு வந்தார். ஃபைலில் என்ன இருந்தது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. மேனேஜர் தன்னை ஏன் பொய்யன் என்கிறார் என்று அவருக்குப் புரியவில்லை.

"பெஹன்ஜி, எங்கள் மதம் என்னவென்று ஒரு லெட்டர் அடித்துக் கொடு. நான் சொல்கிறேன், நீ இங்கிலீஷில் போடு."

"ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள்" என்றேன். லெட்டருக்குத் தலைப்பு, தேதி என்ற எண்ணத்தில் சொன்னது.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஆரம்பம் என்றால் ஐந்நூறு வருஷம் ஆகும். மேனேஜருக்கு டைம் இருக்குமா?"

சைட்டில் பழகிய இந்தியில் சொல்லச் சொல்ல, நான் அடித்தேன். பஞ்சாபில் பிறந்த முதல் குரு ஒருநாள் ஆற்றில் குளிக்க இறங்கிக் காணாமல் போனார். மூன்றாம் நாள் எழுந்து வந்தார். இந்துவும் இல்லை, முசல்மானும் இல்லை என்பதுதான் அவர் வந்ததும் சொன்ன முதல் வார்த்தை.

என் விரல் நின்றுவிட்டது.

"மிஷின் ரிப்பேரா?"

"இல்லை. சொல்லுங்கள்."

கடவுள் ஒன்றே, அதற்கு உருவம் இல்லை. அதன் பெயரை நினைப்பது, சொந்தக் கையால் உழைத்துச் சாப்பிடுவது, இருப்பதைப் பகிர்ந்துகொள்வது. பத்துக் குருமார்கள். அவர்களுக்குப் பிறகு குருவாக இருப்பது ஒரு நூல்தான். பத்தாவது குரு வகுத்த ஐந்து அடையாளங்களில் வெட்டாத தலைமுடி ஒன்று. அதைக் காப்பது தலைப்பாகை. ஆண்களுக்கெல்லாம் ஒரே பின்பெயர், சிங்கம் என்று பொருள். ஜாதிப் பெயர் தெரியக்கூடாது என்பதற்காக அப்படி வைத்தார்களாம்.

அந்த வரியை அடித்துவிட்டு இன்னொரு தடவை வாசித்தேன். என் பள்ளிக்கூடச் சான்றிதழில் ஜாதி என்று ஒரு கட்டம் உண்டு. தலைமையாசிரியர் அப்பாவை ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் தெருவைச் சொன்னதும் தாமே எழுதிக்கொண்டார். அப்பா கீழே கைநாட்டு வைத்தார். ஊரில் எங்களைத் திட்டும்போது சொல்லும் சொல் அது. துபாய்க்கு வந்த பிறகு அந்தக் காகிதத்தை நான் யார் கண்ணிலும் படவிட்டதில்லை.

அப்படிப்பட்ட நான்தான் இவருக்கும் கேட்காமலே ஒரு கட்டத்தை நிரப்பியிருக்கிறேன். சொல்லிவிடலாம் என்று நிமிர்ந்தேன். பக்கத்து மேஜைக் கணக்கர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். பொம்பளையை வேலைக்கு வைத்தால் இப்படித்தான் என்று முதலில் சொல்லப்போகிறவர் அவர். நான் லெட்டரை உருவிக் கொடுத்தேன்.

அதை வாசித்துவிட்டு மேனேஜர், "இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். கம்பெனி ரெக்கார்டில் வேறு இருக்கிறது" என்று தள்ளிவிட்டார்.

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அவர் வேறொரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர்.

"வாயத் தொறக்காத. நீ அடிச்சதுன்னு எவனுக்குத் தெரியும்? அந்த ஆளுக்கே தெரியாது."

"எனக்குத் தெரியுதுல்ல."

"தெரிஞ்சிட்டுப் போவுது. விசா குடுத்த கஃபீல் உனக்கும் சேத்து டிக்கெட் போட்டான்னா, ஊர்ல போயி யாருக்கு டைப் அடிப்ப?"

நான் எழுந்து பாத்திரம் கழுவப் போனேன்.

வெள்ளிக்கிழமை சத்வா பகுதியில் ஒரு வீட்டில் பஞ்சாபிகள் கூடுவார்கள். லெட்டர் அடித்த நன்றிக்காக ஆப்பரேட்டர் எங்களைக் கூப்பிட்டிருந்தார். "ரொட்டிதானே, வர்றேன்" என்று கணவரும் வந்தார். செருப்பை வெளியே விட்டு, தலையை முந்தானையால் மூடிக்கொண்டு உள்ளே போனேன். உயர்ந்த இடத்தில் அந்த நூல், எதிரே எல்லோரும் தரையில். பாட்டும் வாசிப்பும் முடிந்ததும் அங்கேயே வரிசையாகச் சாப்பிட உட்கார்ந்தோம். எனக்கு இந்தப் பக்கம் தங்க வாட்ச் கட்டிய காண்ட்ராக்டர், அந்தப் பக்கம் தொழிலாளர் கேம்பிலிருந்து வந்த கொத்தனார் ஒருவர்.

கூடையோடு ஆப்பரேட்டரே பரிமாறி வந்தார். நான் தட்டை நீட்டினேன். அவர் போடவில்லை.

"இரண்டு கையையும் நீட்டு, பெஹன்ஜி. இங்கே வழக்கம் அப்படி."

என்னால் முடியவில்லை. பண்ணையார் வீட்டுக் கொல்லைப்புறத்தில் அம்மா இரண்டு கையையும் சேர்த்து ஏந்துவாள். மேலேயிருந்து கஞ்சி ஊற்றுவார்கள், பாத்திரம் கையில் பட்டுவிடாமல். அப்படி ஒருநாளும் கையேந்த மாட்டேன் என்றுதான் நான் படித்தேன். முகம் எரிந்தது. எழுந்து போய்விடலாம் என்று பக்கத்தில் பார்த்தால், தங்க வாட்ச்காரர் இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்திருந்தார். ஆப்பரேட்டர் குனிந்து, விரல்கள் படும்படி ரொட்டியை அவர் கையில் வைத்தார்.

பிறகு என்னிடம் திரும்பினார். நான் கைகளை நீட்டினேன். ரொட்டியின் சூடு உள்ளங்கையில் பட்டதும் வாயைத் திறந்துவிட்டேன்.

"உங்கள் பாரத்தில் மதம் இந்து என்று அடித்தது நான்தான். கேட்காமல் அடித்தேன். அதனால்தான் மேனேஜர் நம்பவில்லை."

அவர் கூடையைப் பிடித்தபடி நின்றார். பரவாயில்லை என்று சொல்லுவார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "எதிரிலேதானே நின்றேன்" என்றார். கொத்தனார் பக்கம் நகர்ந்துவிட்டார். ரொட்டி என் கையிலேயே ஆறியது.

சனிக்கிழமை காலையில் மேனேஜரிடம் போய், தப்பு என்னுடையது என்றேன். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். அதை நானே டைப் செய்யவேண்டியிருந்தது. அதிலும் அழித்த தடம் இல்லை. ஆப்பரேட்டரைப் பொய்யன் என்றதை மேனேஜர் திரும்பப் பெற்றார். ஆனால் ஹெல்மெட் உத்தரவு உத்தரவுதான். காண்ட்ராக்ட் முடியும்வரை தலைப்பாகையோடு கிரேன் கேபினுக்குள் இருக்கலாம், புதுப்பிக்க மாட்டோம் என்றார்கள். நான் முதலிலேயே ஒழுங்காக அடித்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்குமா? யாரும் எனக்குச் சொல்லவில்லை. இரண்டு வருஷமாகியும் அந்தக் கேள்வி போகவில்லை.

குளிர்காலத்தில் அவர் ஊருக்குப் போகும் பாரத்தை அடிக்க என் மேஜைக்கு வந்தார். பெயர், தகப்பன் பெயர், ஊர். எல்லாம் கேட்டுக் கேட்டே அடித்தேன்.

"மதம்?"

"சிக்."

SIKH என்று ஆங்கிலத்தில் அடித்து, காகிதத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

"இதில் எத்தனை எழுத்து?"

"நான்கு."

"முன்னே நீ போட்டதில்?"

"ஐந்து."

கிரீஸ் ஏறிய விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு எண்ணினார். நான்கு வந்தது. இன்னொரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.